காண்க: சங்குமணல்

பதிவு 1
திங்கள், காலை 9.10 (இந்திய நேரம்)

நிலவின் தென்துருவக் காப்பகம். பணியில் ஒரே ஆள்: பிலோமினா கஸ்பார், பட்டியலாளர், வயது 54. அடுக்குகள் பன்னிரண்டு. அவற்றில் இருப்பவை பூமியின் நூலகங்கள் அனுப்பிய நூல்களும் ஒலிப்பதிவுகளும், எல்லாம் கண்ணாடித் தட்டுகளில். குளிர் ஏறினால் தட்டு விரிசல் விடும். ஆகவே ஒவ்வொரு அடுக்குக்கும் சூடேற்றி உண்டு. வெப்பநிலை சரி. காற்று சரி. காபித்தூள் தீர்ந்துவிட்டது, அதைப் பற்றி மூன்று முறை எழுதியும் பதில் இல்லை.

பதிவு 2
திங்கள், மதியம் 2.35

விண்கல் ஒன்று சூரியத் தகட்டு வரிசையை உடைத்துவிட்டது. மின்கலம் மட்டுமே மிச்சம். என் அறைச் சூட்டை விட்டுக்கொடுத்தாலும் ஒரு அடுக்கைத்தான் காக்க முடியும். பூமிக்குத் தகவல் அனுப்பினேன். இயக்குநர் டாக்டர் வைகுந்தநாதன் நேரில் பேசினார்:

"ஏழாவது அடுக்கக் காப்பாத்துங்க மேடம். மத்ததுக்கெல்லாம் இங்க நகல் இருக்கு. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விருது விழா. என் முதல் உரைய நிலவுலேருந்து நேரடியாப் போடப் போறாங்க. உங்களுக்கு என்ன, ஸ்வெட்டர் இருக்குல்ல?"

ஏழாவது அடுக்கு முழுக்க அவருடைய எழுத்தும் பேச்சும்தான். பெருமைக்காக, பூமியில் நகல் இல்லாமல் இங்கே மட்டும் வைத்திருக்கிறார். மீட்புக் கப்பலைக் கேட்டேன். விழா முடியும்வரை விபத்துச் செய்தி வெளியே போகக்கூடாதாம். "அப்புறம் அனுப்புறேன்" என்றார். அடப்பாவி.

பதிவு 3
செவ்வாய், காலை 10.00

இதைக் கண்டெடுப்பவருக்குக் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

சங்குமணல் எங்கள் ஊர். அங்கே உர ஆலையில் விஷவாயு கசிந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பத்தொரு பேரின் வாக்குமூலத்தை நான்தான் பதிவு செய்தேன். நாற்பத்தொரு பேரும் இறந்தார்கள். கடைசிக் குரல் என் வீட்டுக்காரர் கஸ்பாருடையது.

பதிவுகளை, அப்போது வைகுந்தநாதன் நடத்திய நூலகத்தில் ஒப்படைத்தேன். அந்த ஆள் அவற்றைப் பட்டியலில் ஏற்றவே இல்லை. பட்டியலில் இல்லாததை யார் வந்து கேட்பார்கள்? ஐந்து வருடம் கழித்து, "ஒருவரும் கேட்கவில்லை, கேட்கப்படாதது தகவலே அல்ல, வெறும் இரைச்சல்" என்று எழுதி, அழிக்கச் சொல்லிக் கழித்துக்கட்டினார். அடுத்த மாதம் அதே ஆலையில் அவருக்கு ஆலோசகர் பதவி. அந்த ஒற்றை வாக்கியத்தைப் புத்தகமாக்கினார். வியாழக்கிழமை விருது அதற்குத்தான்.

இன்று ஏழாவது அடுக்கின் சூட்டை நிறுத்தப் போகிறேன். அவருடைய ஒவ்வொரு சொல்லும் விரிசல் விடட்டும். வயிறு குளிரக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பதிவு 4
செவ்வாய், காலை 11.50

நிறுத்தவில்லை.

அடுக்கை மூடுமுன் இருப்புச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். கை தானாகச் செய்யும். இருப்பேடு 612 தட்டு என்கிறது. எண்ணினால் 653. மறுபடி எண்ணினேன். 653.

நாற்பத்தொன்று அதிகம்.

கடைசித் தட்டின் விளிம்பில் சின்னதாக ஒரு பச்சைக் கோடு. காதர் முகைதீன் அண்ணனுடைய கோடு அது. வைகுந்தநாதனின் அந்தப் பழைய நூலகத்தில் அடுக்குப் பணியாளர். இடம் மாற்றி வைத்த எதற்கும் பச்சைக் கோடு போடுவார். அழிக்கச் சொன்னவற்றை, இயக்குநர் ஒருபோதும் அழிக்க மாட்டார் என்று தெரிந்த ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் செருகியிருக்கிறார் மனுஷன். எனக்குச் சொல்லுமுன் இறந்துவிட்டார்.

தட்டைப் போட்டேன்.

"எம் பேரு கஸ்பார். மூணாம் நம்பர் வால்வு ஒழுகுதுன்னு ரெண்டு வாரமா எழுதிக் குடுத்தேன். ஒருத்தனும் காதுல வாங்கல. ஏட்டி பிலோமி, அழாத. இத நாலு பேரு கேக்குற மாதிரி செய்யி, போதும்."

பத்தொன்பது வருடம் கழித்துக் கேட்கிறேன். அழக்கூடாது என்றார், அழுதேன்.

பதிவு 5
புதன், மாலை 4.20

என் அறைச் சூட்டை அணைத்துவிட்டு அடுக்கைச் சூடாக வைத்திருக்கிறேன். இயக்குநர் உத்தரவும் அதுதானே! அறையில் கழித்தல் ஒன்பது. மூன்று ஸ்வெட்டர். விரல் மரத்துப்போகிறது.

பட்டியலில் 'காண்க' அட்டை என்று ஒன்று உண்டு. ஒரு தலைப்பைக் கேட்டால், முதலில் வேறொரு தலைப்புக்கு அனுப்பும். அதை எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம், பட்டியலாளரின் கையெழுத்து போதும். வைகுந்தநாதன் தன் வாழ்நாளில் பட்டியலைத் திறந்து பார்த்ததில்லை. "அது குமாஸ்தா வேலை" என்பார்.

குமாஸ்தா இன்று ஒரே ஒரு அட்டை எழுதினாள்.

பதிவு 6
வியாழன், காலை 10.40

கழித்தல் பத்தொன்பது. மின்கலத்தில் மிச்சம் இருப்பது இரண்டில் ஒன்றுக்குத்தான் வரும். நாற்பத்தொரு குரலும் பூமிக்கு ஒலிபரப்பாகி முடிய இரண்டு மணி நேரம் அடுக்குக்கு. அல்லது இரண்டு நாள் என் அறைச் சூட்டுக்கும் காற்றுக்கும். பூமியிலிருந்து கப்பல் வர இரண்டு நாள் ஆகும்.

பயமாக இருக்கிறது. அதையும் எழுதிவைக்கிறேன்.

பதிவு 7
வியாழன், காலை 11.04

விழா அரங்கிலிருந்து கோரிக்கை வந்தது.
கேட்டது: வைகுந்தநாதன், முதல் உரை.
காண்க: சங்குமணல், நாற்பத்தொரு வாக்குமூலங்கள்.
வழங்கப்பட்டது.

முதல் குரல் சலேத்து அக்கா. அரங்கம் முழுக்கக் கேட்கிறது. உலகம் முழுக்க நேரலை.

பதிவு 8
வியாழன், காலை 11.09

இயக்குநர் அழைத்தார்: "பிலோமினா! என்னது இது? நிறுத்துங்க!"

உடனே குரலை மாற்றிக்கொண்டு: "மேடம், ப்ளீஸ். கப்பல் தயாரா நிக்குது. நீங்க நிறுத்துனா இந்த நிமிஷமே கெளப்புறேன். ரெண்டே நாள். உயிரோட வந்துரலாம்."

தயாராகவே நின்றிருக்கிறது, திங்கட்கிழமையிலிருந்து.

நிறுத்த ஒரு பொத்தான்தான், அது இங்கே மட்டும்தான் இருக்கிறது. கைக்கு எட்டும் தூரம். அழுத்தவில்லை. விரல் விறைத்ததால் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். வேண்டுமென்றேதான் அழுத்தவில்லை. உங்கள் கொள்கைப்படியே நடக்கிறேன் டாக்டர், கேட்டால்தானே தகவல்? கேளுங்கள்.

பதிவு 9
12.51

கண் சரியாகத் தெரியவில்லை. கோரிக்கை விளக்கு அணையவே இல்லை. ஊர் ஊராகக் கேட்கிறார்கள். எண்ணிக்கை 88,000. இப்போது ஒரு லட்சத்து

முப்பத்தெட்டு முடிந்தது. முப்பத்தொன்பது.

பதிவு 10
1.06

கஸ்பார் பேசுகிறார். வால்வு மூணாம் நம்பர்

நாலு பேர் இல்லை மாமா, இருபது லட்சம்

இனி ஒருவரும் கேட்கவில்லை என்று அவனால்