முந்திரித் தோப்புக்குப் போன ரோடு

ஆலங்குறிச்சி,
விரோதி வருஷம், கார்த்திகை மாதம்.

என் வீட்டுக்காரர் முருகையன் அவர்களுக்கு, கமலவேணி வணங்கி எழுதியது.

இங்கே நானும், உங்கள் தம்பி அங்கமுத்து குடும்பமும், மாடு கன்றுகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மலேயாவில் ரப்பர் தோட்டங்களில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது என்று அரியலூர்ச் சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். பொழுது சாய்ந்தபின் வெளியே போகாதீர்கள். செவலைக் காளையின் கால் புண் ஆறிவிட்டது. கடலை இந்த வருஷம் நல்ல விளைச்சல். அதை எங்கே காயப்போட்டோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன், படித்தால் சிரிப்பீர்கள்.

நாம் ஜெயித்துவிட்டோம். நம் ஓடைக்குப் பாலம் வந்துவிட்டது. அது வந்த கதையை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

போன தை மாதம் ஜில்லா போர்டு மெம்பர் ரத்தினவேலு ஊருக்கு வந்து, “ஆலங்குறிச்சிக்கு ரோடு சாங்ஷன் ஆயிடுச்சு. பாலமும் வருது. எல்லாம் நான் சண்டை போட்டு வாங்குனது” என்றார். தேங்காய் உடைத்து மாலை போட்டோம். ரோடு போடக் கப்பிக் கல் வந்து இறங்கியது. கல்லை வண்டியில் ஏற்றி அடிக்கிறவர்களெல்லாம் நம் ஊர் ஆட்கள். அவர்களுக்கு அங்கமுத்துதான் மேஸ்திரி.

ஆனால் ரோடு புளியமரத்துப் பிரிவுக்கு வந்ததும் நம் பக்கம் திரும்பாமல் தெற்கே திரும்பிவிட்டது. தெற்கே என்ன இருக்கிறது, உங்களுக்கே தெரியும். மெம்பருடைய முந்திரித் தோப்பைத் தவிர ஒரு குடிசைகூட இல்லை. மழைத் தண்ணீர் நிற்காத மேட்டுக்காட்டில் ஒரு பாலமும் கட்டினார்கள். அதற்கடியில் வெள்ளாடுகள் நிழலுக்குப் படுத்துக்கொண்டன. ஊர்க்காரர்கள் போய்க் கேட்டதற்கு, “இது முதல் பாகம்தான்ப்பா. ரெண்டாம் பாகத்துல ஓடைக்கு வந்துடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாம் பாகம் என்னவென்று அங்கமுத்து ஒரு நாள் சோற்றில் கை வைத்தபடியே சொன்னான். தோப்புக்குள் ஒரு முசாபரி பங்களாவாம், அதுவரைக்கும் ரோடாம். எந்த வழிப்போக்கன் முந்திரிக் காட்டில் வந்து தங்கப்போகிறான்?

வைகாசியில் திறப்பு விழா வைத்தார்கள். புளியமரத்தடியில் பந்தல், மேளம், சந்தனம். போர்டு பிரசிடெண்ட் காரில் வந்திருந்தார். வயசானவர், கதர் வேட்டி கட்டியிருந்தார். அவர் இந்தப் பக்கம் வருவது அதுதான் முதல் தடவை. “இனிமேல் ஆலங்குறிச்சி ஜனங்கள் மழைக்காலத்திலும் கால் நனையாமல் ஊர் போய்ச் சேரலாம்” என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்கு அந்த வார்த்தை தாங்கவில்லை. நம் மகள் ராசாத்தியைக் காய்ச்சலோடு மடியில் போட்டுக்கொண்டு, வெள்ளம் வடியட்டும் வடியட்டும் என்று நாம் கரையில் உட்கார்ந்திருந்த அந்தப் பகல் கண்ணில் வந்து நின்றது. எழுந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை.

“ஐயா, எங்க ஊரு பக்கத்துலதான் இருக்கு. உங்களுக்குப் பானகம் கரைச்சு வச்சிருக்கோம். இந்த ரோட்டுலயே வந்து ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க” என்றேன்.

மெம்பர் குறுக்கே வந்து நேரமாகிவிட்டது என்றார். பிரசிடெண்ட், “பொம்பளைங்க கூப்பிட்டுப் போகாம இருக்கலாமா?” என்று காரில் ஏறிவிட்டார். உண்மையில் பானகம் ஒன்றும் கரைத்து வைக்கவில்லை. பாப்பாத்திதான் வெல்லமும் புளியும் தேடிக் குறுக்கு வழியில் ஊருக்கு ஓடினாள்.

கார் முன்னே போக, ஊரே பின்னால் ஓடியது. ரோடு போய் நின்ற இடத்தில் தோப்பு வேலியும் பெரிய கதவும் இருந்தன. காவல்காரப் பாவாடை வெளியே வந்து மெம்பரைக் கும்பிட்டு, “எசமான், கதவைத் தொறக்கட்டுங்களா?” என்றான். பிரசிடெண்ட் இறங்கி நாலு பக்கமும் பார்த்தார். “ஊர் எங்கே?” என்று கேட்டார்.

“ஊரு அந்தாண்ட இருக்குங்க. ஓடையைத் தாண்டணும்” என்றேன் நான்.

அவர் நடந்தே வந்தார். கோடை மழையில் ஓடையில் முழங்கால் தண்ணீரும் சேறும் கிடந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மெம்பர் பூட்ஸ் காலோடு அக்கரையிலேயே நின்றுவிட்டார். நம் வாசலில் சேற்றுக் காலோடு உட்கார்ந்து பிரசிடெண்ட் பானகம் குடித்தார். புறப்படும்போது, “பார்க்கிறேன்” என்று ஒரு சொல் சொன்னார். ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. பார்க்கிறேன் என்று சொன்னவர்களை நாம் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்!

நினைத்தபடியே ஆயிற்று. ஆனி பிறந்ததும் இரண்டாம் பாகத்துக்குக் கல் வந்து புளியமரத்தடியில் குவிந்தது. தோப்புக்குள் அடிக்கச் சொல்லி அங்கமுத்துவுக்கு ஆள் வந்தது. “உங்க அண்ணி பேசுன பேச்சுக்கு உனக்கு வேலை குடுக்குறதே பெருசு” என்று மெம்பர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் வேண்டாமென்றேன். “வண்டி ஓடலைன்னா அடுப்பு எரியாது அண்ணி” என்று அவன் கோபப்பட்டான். அவன் சொன்னதும் நியாயம்தான். அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் அப்போது மாசமாக இருந்தாள். எப்போதும் வாய் திறக்காத பெண், அன்று கேட்டாள்: “ஐப்பசியில எனக்கு வலி எடுக்கும். அன்னிக்கு என்னை முந்திரித் தோப்புக்கா தூக்கிட்டுப் போவீங்க?”

அவன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டான்.

மறுநாள் காலை வண்டிகள் கல்லை ஏற்றிக்கொண்டு வரிசையாகக் கிளம்பின. புளியமரத்துப் பிரிவில் முதல் வண்டி தெற்கே திரும்பவில்லை. நம் ஓடைப் பக்கம் திரும்பியது. பின்னால் வந்த அத்தனை வண்டியும் அதே தடத்தில் வந்தன. கரையில் கல்லைக் கொட்டினார்கள். ஓவர்சியர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து கத்தினார். அங்கமுத்து மாட்டைத் தட்டிக்கொடுத்தபடி, “சாங்ஷன் ஆனது ஆலங்குறிச்சிக்குத்தானே சார்? ஆலங்குறிச்சிக்குத்தான் அடிக்கிறோம்” என்றானே பார்க்கலாம்! நீங்கள் இருந்து கேட்டிருக்க வேண்டும்.

மெம்பர் போலீஸைக் கூட்டிவந்தார். ஏட்டு எல்லாம் கேட்டுவிட்டு, கல்லைத் திருடி யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லையே என்று சொல்லித் திரும்பிவிட்டார். வேறு ஊர் வண்டிகளை வைத்து அள்ளப் பார்த்தார்கள். பெண்கள் நாங்கள் கற்குவியல் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டோம். சமையல் அங்கேயே, பிள்ளைக்குப் பால் கொடுப்பது அங்கேயே. வந்த வண்டிக்காரர்களில் ஒரு பெரியவர், “எங்களுக்கும் ஓடை இருக்கு தாயி” என்று சொல்லி மாட்டைத் திருப்பிக்கொண்டு போனார்.

சேதி பிரசிடெண்டுக்குப் போய்விட்டது. இந்தத் தடவை மெம்பருக்குச் சொல்லாமல் இன்ஜினீயரோடு வந்தார். கல் மேல் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்துச் சிரித்தேவிட்டார். “நான் பார்க்கிறதுக்குள்ள நீங்களே பாதி வேலையை முடிச்சுட்டீங்களே” என்றார். பங்களா ரத்து, பாலம் இங்கே என்று உத்தரவு வந்தது. மெம்பர் இப்போது நம் ஊர்ப் பக்கம் தலைகாட்டுவதில்லை. அவருடைய தோப்பு ரோடு மட்டும் சும்மா கிடந்தது. அங்கேதான் ஊர்க் கடலை முழுவதையும் காயப்போட்டோம். சும்மா சொல்லக்கூடாது, களத்தைவிட நல்ல ரோடு.

புரட்டாசியில் பாலம் முடிந்தது. ஐப்பசி மழையில் ஓடை கரை புரண்டு வந்த அன்று பஞ்சவர்ணத்துக்கு வலி எடுத்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, அரியலூர் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். வண்டி கட்டினோம். பாலத்துக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. மாடுகள் ஒரு கணம் மிரண்டு நின்று, பிறகு நடந்தன. சக்கரம் அந்தக் கரை ஏறியதும் அங்கமுத்து ஊருக்கே கேட்கிறமாதிரி கத்தினான். நான் சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

இனி நமக்குள் ஒரு விஷயம். ராசாத்தி நம்மை விட்டுப் போன அன்று, வெள்ளத்தில் நீங்கள் மாட்டை இறக்காமல் நின்றீர்கள். அடுத்த மாதமே கப்பலேறிவிட்டீர்கள். இதைப் பேச எனக்கு நீங்கள் இடமே தரவில்லை. இப்போது எழுதுகிறேன். அன்று வண்டியை இறக்கியிருந்தால் எனக்கு நீங்களும் மிஞ்சியிருக்கமாட்டீர்கள். பாலம் இல்லாதது உங்கள் குற்றமா? உங்கள் மேல் என் மனதில் ஒரு சொல்லும் இல்லை, அன்றும் இல்லை.

நாகப்பட்டினத்தில் இறங்கி ரயிலேறி அரியலூர் வந்துவிடுங்கள். அங்கமுத்து வண்டியோடு ஸ்டேஷனில் நிற்பான். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெரியப்பா வந்து மடியில் வைத்துக் கூப்பிடட்டும் என்று பஞ்சவர்ணம் சொல்லிவிட்டாள். உங்கள் வாயில் எந்தப் பெயர் வந்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

செட்டிகுளத்து முருகன் உங்களைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வாசல் பார்த்திருக்கும்
கமலவேணி