ஸ்பிரிட் தொட்ட பஞ்சு

என் அன்பு அண்ணா,

முடிச்சூர் ரோட்டில் மறுபடியும் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் வாசலில் நின்று வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருப்பாய். பஸ் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் உன் கால் பிரேக்கைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று அண்ணி சிரிப்பாள். இப்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் கியரே இல்லாத பேட்டரி பஸ் ஓடுகிறது, தெரியுமா? சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதைப் பார்த்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்கிறேன்.

இதையெல்லாம் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. சுற்றி வளைக்கிறேன். அடுத்த வாரம் தாம்பரம் கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு முன்னால் மட்டன் வாங்கப் பெருங்களத்தூர் போனாய். ரோட்டைக் கடக்கும்போது கார் இடித்தது. கார் ஓட்டியவன் கூடுவாஞ்சேரிப் பையன், உன் மகன் ஜோயலைவிடச் சின்னவன். முந்தின நாள் ராத்திரி எங்கோ விருந்தாம். இறங்கினவன் தள்ளாடினான் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். கூட்டம் சும்மா இருக்குமா? அடித்தார்கள். வாயில் அடித்தார்கள்.

அங்கேதான் முதல் தப்பு நடந்தது. உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். போலீஸ்காரர் ஊதச் சொன்னபோது அவனால் கருவியை வாயில் வைக்கவே முடியவில்லை. உனக்காகக் கோபப்பட்டவர்கள்தான் அண்ணா, உனக்காக இருந்த முதல் நேரடி ஆதாரத்தைக் கெடுத்துவிட்டார்கள். அவர்களை நான் என்ன சொல்ல?

ஊத முடியாதவனுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதனால் அவனையும் நீ கிடந்த அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அவசரப் பிரிவில் உனக்கு அடுத்த கட்டில்தான். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரை சரியாக மூடவில்லை. அந்த இடைவெளியில் நர்ஸ் பெண் பஞ்சைக் கிழித்து, ஸ்பிரிட் பாட்டிலைக் கவிழ்த்து நனைத்து, அவன் கையைத் துடைத்து ஊசியால் ரத்தம் எடுத்ததைப் பார்த்தேன். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் செய்கிறாளோ, அதே போலத்தான் செய்தாள். அப்போது எனக்கு அதில் ஒன்றுமே தோன்றவில்லை. சாயங்காலம் நீ போய்விட்டாய்.

மதுவைத் தேடி எடுக்கிற ரத்தத்துக்கு ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது; ஸ்பிரிட்டிலும் இருப்பது ஆல்கஹால்தான். காபியில் சர்க்கரை போட்டாயிற்றா என்று பார்க்க, சர்க்கரை டப்பாவில் இருந்த கரண்டியாலேயே எடுத்துக் குடித்துப் பார்க்கிற மாதிரி அது. இனிப்பு காபியிலிருந்து வந்ததா, கரண்டியிலிருந்து வந்ததா? உண்மையில் அந்தப் பஞ்சால் கணக்கு எவ்வளவு மாறியிருக்கும்? கொஞ்சமாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் அதன் பலன் அவனுக்குத்தான். அவன் பக்கத்து வக்கீல் கோர்ட்டில் இதைத்தான் கேட்டார். நர்ஸ் பெண், "ஞாபகம் இல்ல சார்" என்று சொல்லிவிட்டாள். பாவம், அவளுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதுதான் இப்போது கஷ்டம்.

அரசு வக்கீல் என்னைக் கூப்பிடுவது வேறு விஷயத்துக்காக. அவன் மேல் சாராய வாடை அடித்தது என்று நான் சொல்ல வேண்டும். வாடை அடித்தது, அண்ணா. ஆனால் அது அவன் மூச்சிலிருந்து வந்ததா, அந்தப் பஞ்சிலிருந்து வந்ததா என்று எத்தனை தடவை கண்ணை மூடி யோசித்தாலும் பிரிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் நின்றவளின் மூக்குக்குத் தெரியவில்லை.

ஜோயலிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

"அத்தை, அவன் குடிச்சிருந்தான். பெருங்களத்தூருக்கே தெரியும். நீங்க கோர்ட்ல போயி பஞ்சு, ஸ்பிரிட்டுன்னு கிளாஸ் எடுக்காதீங்க."

"கேட்டா என்னடா சொல்றது?"

"கவனிக்கலைன்னு சொல்லுங்க. அப்பா அங்க உயிருக்குப் போராடிக்கிட்டு இருக்காரு, பக்கத்துக் கட்டில்ல என்ன பஞ்சுன்னு யாரு பார்ப்பா? ஜட்ஜே நம்புவாரு."

"பார்த்தேனே, ஜோயல்."

"அவனுக்கு என்ன அத்தை ரைட்ஸ்? எங்கப்பாவுக்கு இருந்துச்சா?" எழுந்து செருப்பை மாட்டினான். பிறகு கேட்டான்: "நீங்க எங்க சாட்சியா, அவன் சாட்சியா?"

அதற்கப்புறம் அவன் என் வீட்டுக்கு வருவதில்லை. அண்ணி மட்டும் தெருப் பிள்ளைகளிடம் குழம்பு கொடுத்து அனுப்புகிறாள். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கேட்டது நியாயம்தான். உனக்கு என்ன உரிமை மிச்சம் இருந்தது? ரோட்டைக் கடக்கிற உரிமைகூட இல்லையே.

அவன் குடித்திருந்தான் என்றுதான் நானும் நம்புகிறேன். அதை மறைக்கவில்லை. ஆனால் என் வகுப்பில் சில பிள்ளைகள் லிட்மஸ் தாளை நனைக்காமலேயே 'சிவப்பாக மாறியது' என்று எழுதிவிடுவார்கள். விடை சரிதான். இருந்தாலும் மதிப்பெண் போடமாட்டேன். "மிஸ், கரெக்ட்டா தானே எழுதியிருக்கேன்" என்று அழுவார்கள். நீ பார்த்ததை எழுது, தெரிந்ததை எழுதாதே என்பேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! செத்தது அவர்களுடைய அண்ணன் இல்லையே.

பேசாமல் பஞ்சை மறந்துவிடலாம் என்றும் நினைத்தேன், அண்ணா. ஒரு முழு வாரம் அப்படித்தான் நினைத்தேன். நீதான் விடவில்லை.

டெப்போவில் தினமும் வண்டி எடுப்பதற்கு முன்னால் ஊதிவிட்டுப் போவாயே, அதில் ஒரு நாள் கருவி கத்திவிட்டது. வாழ்க்கையில் குடிக்காதவன் நீ. இருமல் மருந்தைக் குடித்த வாயோடு போய் ஊதியிருக்கிறாய். "இன்னா தங்கராஜு, காலைலயே ஏத்திக்கினு வந்துட்டியா? எந்தக் கடைன்னு எங்களுக்கும் சொல்லுப்பா" என்று மற்ற டிரைவர்கள் ஓட்டினார்கள். அதிகாரி எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். நீ கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. "சார், வாய் கொப்பளிச்சிட்டு உக்கார்றேன். கொஞ்சம் கழிச்சு இன்னொரு வாட்டி ஊதுறேன். அப்பவும் கத்துச்சுன்னா எழுதிக்குங்க" என்றாய். இரண்டாவது தடவை பூஜ்யம் காட்டியது.

வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாய். சொல்லி முடித்தபோது சிரிப்பு இல்லை. "அந்த இன்னொரு வாட்டி கெடைக்கலன்னா என் பேரு போயிருக்கும் எஸ்தரு. குடிகாரனுக்கும் அதைக் குடுத்தாதான், குடிக்காதவனுக்கு அது கெடைக்கும்" என்றாய்.

அந்த வாக்கியத்தை இப்போது நான் என்ன செய்வது? நீ சொன்னபோது அந்தக் குடிகாரனுக்கு முகம் இல்லை. இப்போது இருக்கிறது. உதட்டில் தழும்போடு கோர்ட் வராந்தாவில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறது. உன்னைக் கொன்றவனுக்கும் அதைக் கொடு என்று சொல்வாயா? இல்லை, "இதை மட்டும் விட்டுடு எஸ்தரு" என்பாயா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீ வந்து சொல்லிவிட்டுப் போனால் போதும்.

நான் சொன்னால் மதுக் குற்றம் நிற்காது என்கிறார்கள். கவனக்குறைவாக ஓட்டினான் என்பது மட்டும் மிஞ்சும். அவன் சீக்கிரம் வெளியே வந்து மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிப்பான். கேட்கிற கடவுளிடம்கூட இதற்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். கேட்டால், பார்த்ததைச் சொல்வேன். பஞ்சை நனைத்ததைச் சொல்வேன். வாடை எதிலிருந்து வந்தது என்று தெரியவில்லை என்றும் சொல்வேன். சொல்லிவிட்டு நேராக உன் வீட்டுக்குப் போவேன். ஜோயல் கதவைத் திறக்காவிட்டால், அவன் திறக்கும்வரை, மறுநாளும் அதற்கடுத்த நாளும் போய் நிற்பேன். நம் இரண்டு பேருக்கும் அந்தப் பிள்ளை வேண்டும்.

இன்னொரு வாட்டி ஊதக் கேட்டு உட்கார்ந்திருந்த அண்ணனின்,
தங்கை எஸ்தர்