நாற்காலி வெளியே, ஏழு நாற்பது

ஏப்ரல் 9, செவ்வாய்

என்னங்க,

ஆண்டவன் புண்ணியத்தில் நான் நலம். விடைத்தாள் திருத்தப் போன இடத்தில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே விடுதி முழுக்க ஒரே பேச்சு. மூன்றாம் மாடிப் பெண், அதுதான் நம் ஒட்டடைக்குச்சி, அவள் அறையை விட்டு வரக்கூடாதாம். உங்கள் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கினாள். தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் உங்கள் படிப்பறையிலிருந்து அவள் வந்ததைக் காவலாளி பார்த்திருக்கிறார். வினாத்தாள் மேசைமேல் கிடந்ததாம். பத்தொன்பதாம் தேதி விசாரணை. திருட்டு என்று முடிவானால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

அன்று நாற்காலி உள்ளே இருந்தது, திருட்டுத்தனமாக நுழைந்துவிட்டாள் என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததாக வார்டனம்மா சொன்னார். பன்னிரண்டு வருஷமாக இந்தத் தரைத்தளத்தில் விடுதிப் பிள்ளைகளோடு குடியிருக்கிறோம். நீல நாற்காலி வாசலுக்கு வெளியே இருந்தால் அவர்கள் கதவைத் தட்டாமல் வரலாம், உள்ளே இருந்தால் வரக்கூடாது. நீங்கள் போட்ட சட்டம்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் குறித்துவைக்கும் என் நோட்டைப் புரட்டினேன். "மார்ச் 24, ஞாயிறு. நாற்காலி வெளியே, 7.40, அவர் போட்டார். ஒட்டடைக்குச்சி, அகராதி, டீ ஒன்று."

வேலை மும்முரத்தில் மறந்திருப்பீர்கள். திருத்தி ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 11, வியாழன்

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

இது அகராதி விவகாரம் இல்லை. நாற்காலி வெளியே இருந்தது என்றால், பிள்ளைகள் புழங்கும் வீட்டில் வினாத்தாளைத் திறந்து போட்டவன் நான் என்றாகும். விடுதிப் பொறுப்பு போகும், கூடவே வீடும் போகும். இந்த வயதில் எங்கே போய் நிற்பது?

விசாரணைக் குழு உன்னையும் கூப்பிடும். நாற்காலி உள்ளே இருந்தது என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடு. அந்த நோட்டைப் பரண்மேல் போடு. யார் எத்தனை டீ குடித்தார்கள் என்று உன்னைத் தவிர உலகத்தில் யாரும் எழுதிவைப்பதில்லை.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடு.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 13, சனி

என்னங்க,

மாத்திரை சாப்பிடுகிறேன். தூக்கம்தான் இல்லை.

நேற்று அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். "கைதிக்கு விருந்தா?" என்று வார்டனம்மா மறித்தார். "கைதிக்கும் வயிறு இருக்கில்லம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அழுது அழுது முகமெல்லாம் வீங்கிக் கிடந்தாள். "திருட வந்திருந்தா, அகராதிய எடுத்துக்கிட்டு நேரா சமையலறைக்கு வந்து உங்ககிட்டயே டீ கேப்பேனாம்மா?" என்றாள்.

"சார்மேல கோவமா?"

"இல்லம்மா. அவர்தான் நாற்காலியப் போட்டுட்டு, 'உள்ள போய் எடுத்துக்கோ, நான் நடந்துட்டு வரேன்'னாரு. நான் சொன்னா யாரும் நம்பல. சாருக்கு ஞாபகம் வந்துரும், இல்ல?"

சாப்பாட்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றுதான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன். பிரார்த்தனையில் உட்கார்ந்தால், அவருக்கு ஞாபகசக்தி கொடு சாமி என்றுதான் வேண்டுதல். பேராசிரியருக்காக இப்படி வேண்டிக்கொண்ட மனைவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீங்கள் கேட்ட வரியை என்னால் எழுத முடியாது. பதில் போடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 16, செவ்வாய்

என்னவளுக்கு,

நான் மறக்கவில்லை.

நாற்காலியைப் போட்டதும் நான், உள்ளே போகச் சொன்னதும் நான். வினாத்தாளைப் பூட்டிவிட்டோம் என்ற நினைப்பில் நடக்கப் போய்விட்டேன். முதல்வர் முகத்துக்கு நேரே கேட்டதும், நாற்காலி உள்ளே இருந்தது என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு திரும்பிவர வழி தெரியவில்லை.

அவள் கெட்டிக்காரி, வேறு எங்காவது சேர்ந்துவிடுவாள். எனக்கு வேறு கல்லூரி இல்லை. உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வாயைத் திறக்காமல் இரு, போதும். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 19, வெள்ளி

என்னங்க,

விசாரணை முடிந்து வந்த கையோடு எழுதுகிறேன். தபாலில் போனால் நேரத்துக்குச் சேராது. விடைத்தாள் கட்டு ஏற்றிவர உங்களிடம் வருகிற வண்டிக்கார அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நோட்டைக் கொடுத்துவிட்டேன். குழுவில் இருந்த கண்ணாடிக்காரப் பேராசிரியர், "வீட்டுல எழுதின நோட்டை எப்படிம்மா சாட்சியா எடுத்துக்கறது?" என்றார். "உங்க கணக்கும் அதுல இருக்கு ஐயா. போன வருஷம் வந்தப்ப மூணு டீ குடிச்சீங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார்.

ஆனாலும் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததற்கு எதிரே என் நோட்டு போதாதாம். திங்கட்கிழமை நீங்கள் திரும்பியதும் கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு சொல்வார்களாம்.

அப்போது உங்கள் கடிதம் என் கைப்பையில் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். கை பைக்குள் போனது, வெளியே வரவில்லை. எதிரே அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை வரை இந்தப் பாவம் என் கணக்கில்.

கிழிக்கச் சொன்னீர்கள். கிழிக்கவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்து, நீங்களே கொண்டுபோய் முதல்வரிடம் கொடுங்கள். கொடுத்தால் வீடு போகும், நாம் ஒரு சின்ன வீடாகப் பார்த்துக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் வீடு உங்களுக்கு இருக்கும், அதில் நான் இருக்க மாட்டேன்.

எப்படியானாலும் எனக்குக் கிளம்பும் வேலை இருக்கிறது. என் பெட்டியைக் கட்டிவிட்டேன். உங்களுடையதைத் தொடவில்லை. முதல்வரைப் பார்த்துவிட்டு வந்தீர்களானால், அதையும் நானே கட்டுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி