வடக்கு ஜன்னலும் மண்ணெண்ணெய்ப் பெட்டிகளும்

என் பிரியமான அத்தானுக்கு,

உங்கள் பஞ்சு ஆபீஸ் அறை இன்னும் ராஜபாளையத்தில், நம் வீட்டு முன்பக்கத்தில்தான் இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்கக் கவலையோடுதான் படிப்பீர்கள். போன வாரம் அது கைவிட்டுப் போகத்தான் இருந்தது.

உங்களுக்காக வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தோம். சபையார் உட்கார இடம் வேண்டுமே என்று, பஞ்சுச் சாம்பிள் வைத்திருந்த, மண்ணெண்ணெய் டின் வந்த மரப்பெட்டிகளை உங்கள் தம்பி சாமுவேலும் நானுமாக நகர்த்தி, வடக்குச் சுவரோரம் ஜன்னலை மறைத்து அடுக்கினோம். ஒரே உயரம், ஒரே வரிசை, பார்க்க எவ்வளவு லட்சணம் தெரியுமா? வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். கூட்டம் முடிந்தும் அப்படியே விட்டுவிட்டேன்.

நீங்கள் அந்தப் பெட்டிகளுக்கு ஓர் ஆணிகூட அடித்ததில்லை. கம்போடியாப் பஞ்சு வரும் மாதத்தில் ஒரு மாதிரி, கருங்கண்ணிப் பஞ்சு வரும்போது வேறு மாதிரி மாற்றி மாற்றி அடுக்குவீர்கள். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நான் கேலி செய்வேன்.

மில்லுக்குப் பஞ்சு வாங்கும் ராஜு ஒரு சாயங்காலம் வந்தார். உங்களுக்குப் பிறகு அவர் வருவது அதுதான் முதல் தடவை. மேற்கு வாசல் வெளிச்சத்தில் சாம்பிளைப் பிரித்துக் காட்டினேன்.

"இழை நல்லாத்தான் இருக்கு. நெறந்தான் மங்கலா இருக்கேம்மா. பழைய பஞ்சா?" என்றார்.

அந்த வாரம் வந்த பஞ்சு அத்தான் அது! சொன்னேன். "அவரு இருந்தா..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

சாமுவேல் காதுக்கு எட்டி, வீட்டுக்கே வந்துவிட்டான். "மதினி, கோவிச்சுக்கிடாதிய. இது ஒங்களுக்குத் தோதுப்படாது. சனிக்கிழமை வண்டி கொண்டாரேன், பெட்டியெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல என் கடைக்குப் போயிரட்டும். ஒங்களுக்கு வேண்டியத நான் மாசாமாசம் அனுப்புதேன்."

நல்ல பிள்ளைதான். ஆனால் அப்படி வரும் சோறு எனக்குத் தொண்டையில் இறங்குமா? நீங்கள் இருமிக்கொண்டு கிடந்த காலமெல்லாம் இழை இழுத்து நீளம் பார்த்துச் சொன்னது நான்தான் என்று அவனுக்கு யார் சொல்வது? நிறம் மட்டும், வடக்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டு, நீங்களே பார்ப்பீர்கள்.

மறுநாள் காலை சேலை உலர்த்த வடக்குப்பக்கக் கொல்லைக்குப் போனேன். வடக்கு ஜன்னலுக்கு நேரே கொடி கட்ட நீங்கள் விட்டதே இல்லை. ஒருமுறை என் அரக்குச் சேலையை அங்கே போட்டதற்கு, "ஏட்டி, அத மொதல்ல எடு, பஞ்செல்லாம் செவந்து தெரியுது" என்று கத்தினீர்கள். ஆள் வந்துபோகிற இடத்தில் பெண்பிள்ளை சேலை தொங்கக் கூடாது, அதற்கு ஒரு சாக்கு என்றுதான் அன்று நினைத்தேன். ஈரச் சேலையைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தால், ஜன்னலில் பெட்டிகளின் முதுகு தெரிந்தது. பஞ்சின் நிறத்தைச் சரியாகக் காட்டுவது அந்த ஜன்னல் வெளிச்சம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று முழுக்கப் பெட்டிகளை நகர்த்துவதே வேலை. ஜன்னலுக்குக் கீழே ஒரே வரிசை, கவிழ்த்துப் போட்டேன். பஞ்சைப் பிரித்துப் பரப்ப மேடையாயிற்று. மற்றதெல்லாம் கிழக்குச் சுவரோரம். உங்கள் உயரத்துக்கு அடுக்கினால் எனக்குக் கை எட்டாது, அதனால் மேல்வரிசையை இறக்கிவிட்டேன். அழகு குறைந்துவிட்டது. போகட்டும்.

சனிக்கிழமை காலையில் வரும்படி ராஜுவுக்கு ஆள் அனுப்பினேன். வந்தார். அதே பஞ்சை ஜன்னலடியில் பரப்பினேன்.

"இது வேற பஞ்சா?"

"அதே பஞ்சுதான்யா. அன்னைக்கு ஜன்னல மறைச்சுப் பெட்டி இருந்துச்சு."

சிரித்துவிட்டார். "அடுத்த லோடுக்கும் நீங்களே சாம்பிள் எடுத்து வைங்கம்மா."

வண்டியோடு வந்து வாசலில் நின்ற சாமுவேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு வண்டிக்காரரிடம், "காப்பி குடிச்சிட்டுத் திரும்பிப் போங்கண்ணே, ஏத்த ஒண்ணும் இல்ல" என்றான்.

கொடியைக் கிழக்கேதான் கட்டியிருக்கிறேன். இனி எங்கே கட்டினாலும் ஒன்றுதான். நான் உலர்த்துவதெல்லாம் வெள்ளைச் சேலை, பஞ்சு சிவக்காது. இருந்தாலும் அந்த ஜன்னலுக்கு நேரே எதையும் தொங்கவிட மாட்டேன் அத்தான். இது சத்தியம்.

உங்கள் மாமன் மகள், உங்கள் மனைவி,
எஸ்தர்