குடோன் மாடியில் ஆன்டெனா

10-2-83, வியாழன்

காலையில் நல்ல பனி. ராணிப்பேட்டை லாரி வரவில்லை. தோல் பதனிடுகிற கடுக்காய் பாதி மூட்டை ஈரம், வெயிலில் கொட்டிப் பரப்பச் சொன்னேன்.

எஸ்தருக்கு அவள் ஆராய்ச்சி கைடிடமிருந்து கடிதம். பதினாறாம் தேதி மெட்ராசிலிருந்து வேனோடு வருகிறார். அதற்குள் பெட்டி ஒழுங்காக வேலை செய்யவில்லை என்றால் எடுத்துக்கொண்டு போய் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். மூன்று வாரமாக என் மகள் குடோன் மாடியில் இதோடுதான் மல்லுக்கட்டுகிறாள். சேட்டிலைட் தலைக்கு மேல் போகும்போது அதன் சிக்னலைப் பிடித்து, நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்கிற பெட்டி. கப்பலுக்கு உதவுமாம். அதில் இரைச்சலை ஒதுக்கி சிக்னலை மட்டும் எடுக்கிற சர்க்யூட் இவள் செய்தது. மூன்று வருஷ ஆராய்ச்சி. மெட்ராசில் இரைச்சல் என்றுதான் இங்கே கொண்டுவந்தாள். இங்கே அதைவிட ஜாஸ்தி. நேற்றைய கணக்குப்படி, ஆம்பூரில் இருக்கிற நம் குடோன் வாணியம்பாடியில் இருக்கிறது.

"எடுத்துக்கிட்டுப் போய்ட்டா என்ன செய்வே?"

"மறுபடி முதல்லேர்ந்துதான்ப்பா."

அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

11-2, வெள்ளி

பனி கம்மி. கடைவாய்ப் பல் வலி.

இன்று சேட்டிலைட் போன நாலு தடவையும் சிக்னல் சுத்தம். அப்படியும் எஸ்தர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "எப்பவாவது இப்படி நல்லா வருது. ஏன்னு தெரியல. தெரியாததை என்னன்னு எழுதறது?"

ஹெட்போனை என் காதில் மாட்டினாள். விசில் மாதிரி ஒரு சத்தம். உச்சத்தில் ஆரம்பித்து மெல்ல இறங்குகிறது, ரயில் ஊதிக்கொண்டே தாண்டிப் போவது போல. அந்த இறக்கத்தை அளந்துதான் இடத்தைச் சொல்கிறதாம்.

அவள் நோட்டைப் புரட்டினேன். நல்ல நாளுக்கு மட்டும் சிவப்பில் டிக். 28, 35, 42.

"இது என்ன நம்பர்?"

"வருஷத்துல எத்தனாவது நாள்னு. ஆராய்ச்சியில அப்படித்தான் எழுதுவோம். கிழமை எதுக்கு, சேட்டிலைட்டுக்கு லீவா விடறாங்க?"

ஏழு ஏழாகத் தள்ளி வருகிறதே. காலண்டரை எடுத்து எண்ணினேன். மூன்றும் வெள்ளி.

"சேட்டிலைட்டுக்கு லீவு இல்ல. பக்கத்து பஷீர் பாய் தோல் தொழிற்சாலைக்கு உண்டு."

மற்ற நாளில் ஆர்டர் நெருக்கடியில் ராத்திரியும் அங்கே தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம் ஓடுகிறது. ஆம்பூரில் பிறந்தவள், எட்டு வருஷ மெட்ராசில் வெள்ளிக்கிழமையை மறந்துவிட்டாள். காதில் எந்நேரமும் ஹெட்போன், டிரம் நின்றது எங்கே தெரியும். காலண்டரைப் பிடுங்கித் தானும் எண்ணிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவை.

நான் எட்டாவதோடு நின்றவன். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

12-2, சனி

இரைச்சல் திரும்பிவிட்டது. டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு நானும் எஸ்தரும் பாய் தொழிற்சாலைக்குள். மோட்டார் பக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. டிரம்மைச் சுற்றுகிற பழைய தோல் பெல்ட் பக்கம் போனதும் ரேடியோ கரகரவென்று கத்துகிறது. அந்த பெல்ட் எனக்குத் தெரியும். காய்ந்த நாளில் கையைக் கிட்டே கொண்டுபோனால் மயிர் நிற்கும், சுரீர் என்று இழுக்கும். உரசி உரசி மின்சாரம் சேர்ந்து, பொறி பொறியாகத் தெறிக்கிறதாம். ஒவ்வொரு பொறியும் இவள் ஆன்டெனாவில்.

பாய் வந்தார். "இன்னாப்பா, அப்பனும் பொண்ணும் பாட்டு கேக்க வந்தீங்களா?"

"உங்க பெல்ட் என் பொண்ணு படிப்பைக் கெடுக்குது பாய்."

"எங்க அப்பா காலத்து பெல்ட்டுப்பா. இதுவரைக்கும் யார் படிப்பையும் கெடுத்ததில்ல."

அந்த மின்சாரத்தை மண்ணில் இறக்க வழி செய்ய அரை மணி நிறுத்தச் சொன்னேன். "டிரம்முல தோல் கீது. இப்போ நிறுத்தினா திட்டு திட்டா கறை விழும். வாங்கறவன் உன் சேட்டிலைட்டையா பார்ப்பான்?"

நியாயம். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். திங்கள் தோலை இறக்கினதும், மதியத் தொழுகை நேரத்தில் செய்துகொள் என்றார்.

13-2, ஞாயிறு

கோவில். பிரசங்கம் நீளம். ஜெபத்தில் பெல்ட் ஞாபகம்.

14-2, திங்கள்

எடுத்துப் போனது: செம்புக் கம்பி, கம்பி பிரஷ், எர்த் குழாய், உப்பு, கரி.

பாய் தொழப் போனார். சுற்றும் தண்டில் பிரஷ் உரசும்படி வைத்து, கம்பியை மண்ணில் இறக்கினோம். இருபது நிமிஷம். பாய் திரும்பி வந்து டிரம்மை ஓடவிட்டார். கையை பெல்ட் கிட்டே நீட்டினார். "இழுக்கலையே."

2.40க்கு சேட்டிலைட். எஸ்தர் மாடியில், நான் கீழே. அந்தப் பதினைந்து நிமிஷமும் எண்ணின மூட்டையையே திரும்பத் திரும்ப எண்ணினேன். கைப்பிடிச் சுவர் பக்கம் வந்தாள். ஹெட்போனைக் கழற்றி, சுத்தம் என்று தலையை ஆட்டினாள். டிரம் ஓடிக்கொண்டே இருந்தது. அப்படியே கடுக்காய் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

குடோன் ஆம்பூருக்குத் திரும்பிவிட்டது.

15-2, செவ்வாய்

லாரி வந்தது. பல் பிடுங்கியாச்சு. எஸ்தர் மூன்று தோசை.

கைடுக்குக் காட்ட சுத்தமான பதிவுகளை மட்டும் அடுக்கிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றேன். "தோல் விக்கறவன் ஓட்டைத் தோலை முதல்ல விரிச்சுக் காட்டுவான். அப்புறம் நல்லதை நம்புவாங்க. நாளைக்கு அவர் எதிர்லயே பிரஷை எடுத்துட்டுக் காட்டு, மாட்டிட்டுக் காட்டு."

16-2, புதன்

கைடு பதினோரு மணிக்கு. ஒல்லி மனுஷன். காபி வேண்டாம் என்றார். வேன் டிரைவர் கயிறு சகிதம் தயார்.

நான் கீழே போய் பாயிடம் சொல்லி பிரஷை எடுக்க வைத்தேன், இரைச்சல். மாட்டினோம், சுத்தம். கைடு மறுபடி எடுக்கச் சொன்னார். மறுபடி மாட்டச் சொன்னார். ஹெட்போனைத் தன் காதிலேயே வைத்துக்கொண்டு ஒரு முழு சேட்டிலைட்டும் கேட்டார். எஸ்தர் நகத்தைக் கடிக்கிறாள்.

கடைசியில், "சர்க்யூட்டுல தப்பில்ல. ஆனா கப்பல்லயும் மோட்டார் இருக்கும்மா. இந்த பெல்ட் இரைச்சலையும் அது தாங்கணும். அதையே தீசிஸ்ல ஒரு அத்தியாயமா செய். பெட்டி இங்கேயே இருக்கட்டும்."

அப்புறம் காபி கேட்டார்.

வேன் கிளம்பும்போது பாய் வாசலுக்கு வந்தார். "இன்னாப்பா, மெட்ராஸ் வண்டி காலியா போவுது. சொல்லியிருந்தா ரெண்டு கட்டு தோல் ஏத்தியிருப்பேனே."

"போகட்டும் பாய். காலியாவே போகட்டும்" என்றேன்.