குப்பையிலிருந்து எடுத்த மாத்திரை

என்னங்க,

நேற்று நான் குப்பையில் வீசிய மூட்டுவலி மாத்திரை டப்பா மேசைமேல் இருக்கிறது. காலையில் நானே எடுத்துத் துடைத்து வைத்தேன்.

கோபம் போகவில்லை. ஜாமு, மலாய் மூலிகை மருந்து என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்கிறார்கள். வருடக்கணக்கில் விழுங்கினால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடுகிறது. எங்கள் கிளினிக்கில் நடக்கும் ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான். இதே டப்பாவோடு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அவர்களிடம் எல்லாம் கேட்பேன், வீட்டில் கேட்கவில்லை. உங்கள் முகம் உப்பியதை என் சமையல் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

"வெறும் வேருதான்லா, ஒனக்கு எல்லாமே வெசம்" என்றீர்கள். ஆத்திரத்தில் வீசிவிட்டேன். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று தினமும் மற்றவர்களை எச்சரிப்பவள் நான்.

டாக்டரிடம் கேட்டேன். மாற்று மருந்து தரும்வரை நிறுத்தக் கூடாதாம். இடியாப்பம் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் ஒன்று போடுங்கள். மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டாம். என் தம்பி தயாளன் ஒன்பது மணிக்கு ஜெலுத்தோங்கிலிருந்து காரில் வருவான். டப்பாவோடு கிளினிக்குக்கு வாருங்கள்.

அதற்குள் வாந்தியோ மயக்கமோ வந்தால் படுத்துவிடாதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போய் இந்தச் சீட்டைக் காட்டுங்கள்.

ஷர்மினி

மோட்டார் சைக்கிள் சாவியைத் தயாளனிடம் கொடுங்கள். சண்டையைப் பற்றி அவனிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் கிளினிக் படிவத்தை நானே நிரப்பிவிட்டேன். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர்தான். கோபமாக இருந்தாலும் போனை எடுப்பேன்.