சரணத்துக்கு முன் ஒரு மிடறு

என் கடைசிப் பாட்டை நீ எடுத்துக்கொண்டாய். திருப்பித் தராமலே போய்ச் சேர்ந்தாய். நேற்று மாலை பிள்ளையார்பாளையத்துக் கல்யாண மண்டபத்தில், உன் நினைவுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது, மேடையில் யாரோ பிளாஸ்க் மூடியைத் திறந்தார்கள். சுக்கு வெந்நீர் வாசனை முன்வரிசைவரை வந்தது. எனக்குப் பழைய கோபம் அப்படியே எழுந்துவிட்டது.

நாம் பெரியவர் என்றே சொல்லிவந்த அந்தப் பாடகர் நம் ஊருக்கு வந்து பாடியதே இல்லை. ரேடியோவிலும் கேசட்டிலும் கேட்ட அந்தக் குரலுக்கு இங்கே முகம், மேடையில் அவராகவே வேடமிட்டுப் பாடிய நாம் இருவர்தான். நான் தறியில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே பாடக் கற்றவன். நீ சரிகைக் கடையில் நின்றபடி. பெரியவரின் இளவயதுக் குரல் எனக்கு வந்தது. உனக்கு அவருடைய கடைசிக்காலத்து நடுக்கம், பட்டு ஜிப்பா, கறுப்புக் கண்ணாடி. ஆனால் கச்சேரியை முடிக்கும் தாலாட்டுப் பாட்டு எப்போதும் என்னுடையது.

ஓர் ஆடித் திருவிழாவில் எனக்குக் காய்ச்சல், தொண்டை கட்டிக்கொண்டது. இன்று மட்டும் நீ பாடு என்றேன். பல்லவி முடிந்ததும் நிறுத்தினாய். பிளாஸ்க்கைத் திறந்து ஒரு மிடறு குடித்தாய். கண்ணை மூடினாய். பிறகு சரணத்தை எடுத்தாய். கூட்டம் விசிலடித்தது. மேடைக்குப் பின்னால் என் காதோரம் வந்து, "சரணம் சுத்தமா மறந்துபோச்சுப்பா. தண்ணி உள்ள எறங்கறதுக்குள்ள வந்துடுச்சு" என்றாய்.

நான் தேறி வந்தபோது ஜனங்கள் அந்த மிடறையே கேட்டார்கள். "நீ முன்னாடியே பாடிடுப்பா. கடைசில எனக்காக ஒக்காந்துக்கினு இருக்குதுங்க" என்றாய். அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

நேற்று பெரியவராக மேடையேறியவர்கள் மூன்று பேர். சின்ன காஞ்சிபுரத்து ஆட்டோக்காரரிடம் ஜிப்பா இருந்தது, சுருதி இல்லை. ஓய்வுபெற்ற கண்டக்டருக்குக் கண்ணாடி மட்டும் பொருந்தியது. கல்லூரிப் பெண் ஒருத்தி உண்மையிலேயே நன்றாகப் பாடினாள். ஆனால் சரணத்துக்கு முன் மூவருமே குடித்தார்கள். உன் மறதி பெரியவரின் பாணியாகிவிட்டது. என்னிடமிருந்து யாரும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன், பெரியவர் அப்படிக் குடித்ததே இல்லையென்று. "குடிப்பாரு தாத்தா. நீங்கதான் மறந்துட்டீங்க" என்றாள், மிகவும் பணிவாக. பக்கத்திலிருந்த உன் மகன் சிரித்தான். தாலாட்டை நான் பாடுகிறேன் என்று விழாச் செயலாளரிடம் கேட்டேன். "அது அவரு பாட்டாச்சே அய்யா" என்று சொல்லி எனக்குச் சால்வை போர்த்திவிட்டார்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டு செயலாளர் கடைசிப் பாட்டை எனக்கு ஒதுக்க வேண்டும். கீபோர்டுக்காரர் என் வயதுக்கு ஏற்பச் சுருதியைக் கொஞ்சம் இறக்க வேண்டும். உன் மகன் முன்வரிசையில் உட்கார வேண்டும். போனைப் பார்க்கக் கூடாது. அந்தப் பெண் மேடையோரம் நின்று, பல்லவியிலிருந்து சரணத்துக்கு நான் நிற்காமல் போவதைக் கேட்க வேண்டும்.

நீயும் ஒன்று செய்ய வேண்டும். வீட்டில் தனியாகப் பாடினாலும் அந்தத் தாலாட்டு எனக்கு உன் நடுக்கத்தோடுதான் வருகிறது. பெரியவரின் குரலைத் தேடினால் உன் குரல் வந்து நிற்கிறது. அடுத்த ஆண்டுக் கச்சேரிக்குள் உன் குரலை வந்து எடுத்துக்கொண்டு போ.